மழைக்கு ஆகாத வண்டி

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், ஆளுக்கொரு சளியைக் கழித்துவிட்டுப் பார்த்தால். நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். எங்களுக்கு அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய்.

துணிக் கூரை போட்ட அந்தப் பழைய சிவப்புக் காரை வாங்கினேன் என்றதும் நீ கேட்டது நினைவிருக்கிறதா, ரெண்டு சீட்டுதானா, அப்ப நான் வந்தா எங்கம்மா உட்கார்றது என்று. நீ விளையாட்டாகத்தான் கேட்டாய், எனக்குத்தான் முள்ளாகக் குத்தியது. பெண் ஊரைவிட்டுப் போன கையோடு அவளுக்கு இடமில்லாத வண்டியை வாங்கியிருக்கிறேனே, நான் என்ன தாய் என்று தோன்றியது. இருந்த இரண்டு சீட்டிலும் ஒன்றில் என் கைப்பைதான் சவாரி செய்தது. கேட்காமல் வாங்கிவிட்டேன் என்ற கோபத்தில் அப்பா அதில் ஏறவே இல்லை, அந்தத் தகர டப்பாவுல நீயே ஊர்வலம் போ என்று சொல்லிவிட்டு தன் மருந்துக்கடைக்கு ஸ்கூட்டரிலேயே போய்வந்தார். உன் சித்தியோ, அக்கா உனக்கு வயசு நாப்பத்தேழு, புத்தி மட்டும் பதினேழுக்குத் திரும்பிடுச்சா என்றாள். சரி, ஊர்வலமாவது ஒழுங்காகப் போனேனா என்றால் அதுவும் இல்லை. கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தாலும் காரைக் கொட்டகையில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். ஆபீசில் இப்போது யாரும் வானிலை அறிக்கை கேட்பதில்லை, மேடம் பஸ்ல வந்திருக்காங்க, துணிய உள்ள எடுக்கச் சொல்லி வீட்டுக்கு போன் போடுங்க என்கிறார்கள். விபத்துக் காப்பீட்டு மனுக்களில் ‘தவிர்த்திருக்கக்கூடிய சேதம்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் நாள் முழுக்க என் வேலை, அப்படிப்பட்டவளுக்கு இந்த வண்டி!

கடைசியில் விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அண்ணனே வாங்க ஆள் பிடித்துத் தந்தார். வருகிறவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று, பூஞ்சை வாடை அடித்த கூரைத் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுத் துவைத்து, மாடிக் கொடியில் உன் பழைய போர்வைக்குப் பக்கத்தில் காயப் போட்டேன். அப்போது பார்த்து அப்பா வந்து, போகப்போற வண்டிதானே, ஒரு தடவை ஏறித்தான் பாக்கறேன், கடையில இறக்கி விடு என்றார். மனம் மாறிவிடுவாரோ என்ற அவசரத்தில் அப்படியே கிளம்பிவிட்டேன். நல்ல வெயில். பாதி வழியில் வானம் என்னைக் கேட்காமலேயே இருட்டியது. பிறகு ஊற்றியது பார், வாளியைக் கவிழ்த்த மாதிரி. அப்பா பையிலிருந்து குடையை எடுத்து என் தலைக்கு மேல் பிடித்தார், அது காற்றில் பூவாக விரிந்து மேல்நோக்கிப் போனது. சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள், வண்டிய மூடுங்கம்மா என்று கத்தினார். அதற்கு அப்பா எழுந்து நின்று, மூடியத் துவைச்சுக் காயப் போட்டிருக்காங்க என்று பதிலுக்குக் கத்தினார். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தோள் குலுங்க. உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு இந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்கவில்லை சின்னு. எனக்கு மூக்கு ஒழுகியதற்கு மழை மட்டும் காரணமில்லை.

மறுநாள் வாங்க வருவதாக இருந்தவருக்கு அப்பாவே போன் போட்டு, வண்டி ஈரமா இருக்குங்க, காய ரொம்ப நாளாகும் என்று சொல்லிவிட்டார்.

நீ எங்கே உட்கார்வது என்பதும் முடிவாகிவிட்டது. நீ வரும்போது உன்னை அழைத்துவர நான் இதில் வருவேன், பக்கத்து சீட் உனக்கு. அப்பா உன் பெட்டிகளோடு டாக்சியில் பின்னால் வருவார், அவராகவே சொன்னது. வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே, அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லாவிட்டாலும். எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். கிளம்பும் நாளில் மறக்காமல் ஒரு குடையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் வைக்காதே, பெட்டி டாக்சியில் வரும்.

இப்படிக்கு,
வானத்தைப் பார்த்தபடி,
உன் அம்மா