பேஜாருக்கு இங்கிலீஷில் என்ன?

1 பிப்ரவரி 1996, வியாழன்

இந்த நர்சிங் ஹோமில் சேர்ந்து இன்றோடு பதினாறு மாதம். இரண்டு வருஷம் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்த பாண்டு முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. என் சர்டிபிகேட்டெல்லாம் மேட்ரன் விஜயலக்ஷ்மி மேடத்தின் பீரோவில், அவருடைய பட்டுப் புடவைகளுக்குச் சமமான மரியாதையோடு பூட்டிக் கிடக்கின்றன. அவை வெளியே வரும்வரை நானும் மயிலாப்பூரை விட்டு வெளியே போக முடியாது.

நோயாளிகள் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று போன நவம்பரில் தீர்ப்பு வந்தது. அதிலிருந்து எங்கள் டாக்டர் பத்ரிநாராயணனுக்குக் கேஸ் ஷீட் மேல் திடீர்க் காதல். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒவ்வொருவர் ஷீட்டிலும் எழுத வேண்டுமாம், அச்சு மாதிரி, இங்கிலீஷில். அவர் எழுதும் மருந்துச் சீட்டை மருந்துக் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் படித்ததில்லை!

பதினெட்டுக் கட்டில், இரண்டு நர்ஸ். ஊசி போடுவதா, உட்கார்ந்து எழுதுவதா? எல்லோருக்கும் ஒரே வரியை எழுதிவிடுகிறோம். ‘நோ கம்ப்ளெயின்ட்ஸ்.’ எந்தத் தொந்தரவும் சொல்லவில்லை.

6 பிப்ரவரி

இன்று மட்டும் பதினேழு ‘நோ கம்ப்ளெயின்ட்ஸ்’. பதினெட்டாவது ஆளுக்கு வயிற்றுப்போக்கு.

12 பிப்ரவரி, திங்கள்

ஆறாம் கட்டில் சவரியம்மா போய்விட்டார். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர், ஐம்பத்திரண்டு வயது. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். நெஞ்சை அமுக்கினோம், ஆக்சிஜன் வைத்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. காலில் கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கும் என்றார் டாக்டர். “முன்னாடியே ஏதாவது சொன்னாளா?” என்று ஷீட்டைப் புரட்டினார். நாலு மணிக்கு என் கையெழுத்து: நோ கம்ப்ளெயின்ட்ஸ். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

நாலு மணிக்குப் பேசத்தான் செய்தோம். மகள் ஜாஸ்மின் பக்கத்தில் இருந்தாள். “சிஸ்டர், அம்மாவுக்கு பேஜாரா கீதாம்” என்றாள். அவரும் “ஆமா கண்ணு, ஒரே பேஜாரா கீது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. “மூணு நாளா படுத்தே கிடந்தா பேஜாராத்தான் இருக்கும். நாளைக்கு வீட்டுக்குப் போயிருலாம்” என்றேன். ஜாஸ்மினும் சிரித்தாள்.

எங்கள் மாம்பலம் ஹாஸ்டல் சமையல்காரம்மா அரிசியில் கல் பொறுக்கும்போதெல்லாம் சொல்கிற வார்த்தைதான். ஒரே பேஜாரு. சலிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். சலிப்பை யார் ஷீட்டில் எழுதுவார்கள்?

15 பிப்ரவரி

எங்கள் வார்டு ஆயா ஜைதூன் பீ காலையில் வந்து, “நேத்திலேந்து பேஜாரா கீதும்மா, டாக்டராண்ட ஒரு தபா காட்டணும்” என்றார்.

“சலிப்புக்கெல்லாம் எதுக்கு டாக்டர்?” என்றேன்.

“சலிப்பா? இன்னாம்மா நீ! மூச்சு முட்டுது, நெஞ்சு படபடங்குது, உடம்பே சரியில்ல. அத்தத்தான் பேஜாருன்றது.”

ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். மூச்சு முட்டுதுன்னுல்லா அந்த அம்மா சொல்லிருக்காக. நான் சிரிச்சேனே. சங்கரன்கோவில்லேர்ந்து வந்த முண்டம், அப்படின்னா என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நாடி பிடிச்சுப் பாத்திருக்கக் கூடாதா? ரெண்டரை மணி நேரம் இருந்துச்சே.

16 பிப்ரவரி

மேட்ரனிடம் சொல்லிவிட்டேன். கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கேட்டார். “டாக்டர்ட்ட போய் இதைச் சொல்லிண்டு நிக்காதே, வேம்பு. ஷீட்ல இல்லாதது நடக்கலை. பாண்டு முடியற வரைக்கும் வாயைத் திறக்கப்படாது, புரியறதா?” பிறகு தன் பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். கெட்டவராக இருந்தால் திட்டியாவது எழுதலாம்.

4 மார்ச், திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

சவரியம்மாவின் மகன் ஜான்சன் வந்தான், தங்கையையும் கூட்டிக்கொண்டு. அம்மாவுக்கு முடியவில்லை என்று நாலு மணிக்கே சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை என்று ஜாஸ்மின் சொல்கிறாளாம். நியாயம் கேட்க வந்திருக்கிறான். டாக்டர் பதறவே இல்லை. கேஸ் ஷீட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

“எங்களுக்கு இங்கிலீசு தெரியாது சார். இன்னா எழுதிக்கிதுன்னு படிச்சு சொல்லச் சொல்லுங்க.”

எழுதினது யாரோ அவளே படிக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேட்ரன் என் பக்கத்திலேயே நின்றார். “எழுதினதை எழுதினபடி சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே.”

படித்தேன். காலை எட்டு மணி, பன்னிரண்டு மணி. பிறகு நாலு மணி. “எந்தத் தொந்தரவும் சொல்லவில்லை.” என் குரல் நடுங்கக்கூட இல்லை.

“சிஸ்டர்… நான் சொன்னேனே” என்றாள் ஜாஸ்மின். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “உங்களாண்டதானே சொன்னேன்?”

“இதுல அப்படி இல்லம்மா” என்றேன்.

ஜான்சன் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு தங்கை பக்கம் திரும்பினான். “பக்கத்துலயே குந்திக்கினு இருந்துட்டு, ஒரு வார்த்தை சொல்லல. இப்ப பொய் வேறயா?” அவள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

5 மார்ச்

பொய் சொல்லவில்லை. எழுதியிருந்ததைப் படித்தேன் — எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் இந்த வரி சரியாக வரமாட்டேன் என்கிறது.

19 ஜூன்

ஜைதூன் பீக்கு நொச்சிக்குப்பம் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சே இல்லையாம். அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குக்கூட அவளைச் சேர்க்கவில்லையாம். “அம்மாவ வாரிக் குடுத்தவ”ன்னு குப்பத்துப் பொம்பளைங்க அவ காதுபடவே பேசுறாங்களாம்.

நொச்சிக்குப்பம் இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். போய் நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் அது அன்றைக்கே டாக்டர் காதுக்கு வரும், சர்டிபிகேட் வராது. செப்டம்பர் முடியட்டும்.

30 செப்டம்பர், திங்கள்

சர்டிபிகேட்டுகள் கைக்கு வந்தன. அடையாறில் வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. “நன்னா இரு” என்றார் மேட்ரன். இனி யாருக்கும் பயப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

6 அக்டோபர், ஞாயிறு

மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஜாஸ்மின் வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். “சிஸ்டர்! வாங்க, குந்துங்க” என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு நீ சொன்னே ஜாஸ்மின். அம்மாவும் சொன்னாங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எழுதாம விட்டேன். தெரிஞ்சப்புறமும் வாயைத் திறக்கல.”

அவள் மீனைக் கீழே வைத்தாள். “வுடுங்க சிஸ்டர். என்னைத் தேத்தணும்னு சொல்றீங்க. நானும் மொதல்ல சொன்னேன் சொன்னேன்னுதான் கத்திக்கினு இருந்தேன். அப்பால யோசிச்சேன். நீங்க படிச்சவங்க. சொல்லியிருந்தா எழுதாம வுட்டிருப்பீங்களா? மனசுல நெனச்சத சொன்னதா எடுத்துக்கினேன் போல.”

“இல்லடி! நீ சொன்னே. நான் சிரிச்சேன், நீயும் சிரிச்சே. ஞாபகம் இல்லையா?”

“சிரிச்சது ஞாபகம் கீது” என்றாள். “இன்னாத்துக்குன்னுதான் தெரில.”

ஜான்சனிடம் நானே பேசுகிறேன் என்றேன். சட்டென்று ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் சிஸ்டர். தப்பு எம்மேலதான்னு மாதா கோயில்ல வெச்சு அண்ணன் கால்ல வுழுந்தேன். அதுக்கப்புறந்தான் பேசுது, வூட்டுக்கு வருது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஒண்ணும் சொல்லாதீங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஜான்சன் வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. “நம்ம சிஸ்டரா! அன்னிக்கு நீங்க மட்டும் படிச்சு சொல்லலேன்னா டாக்டரைப் போட்டு அடிச்சிருப்பேன் சிஸ்டர். கேஸு, கோர்ட்டுன்னு அலைஞ்சிருப்பேன். நல்ல வேளை உண்மையச் சொன்னீங்க.” தங்கையிடம், “பாத்துக்கினு நிக்கிறியே, சிஸ்டருக்கு டீ வாங்கியா” என்றான்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். நான் பலகையில் உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.