கூரை மூடாத சிவப்பு வண்டி

அன்பு மகளே,

அறுபத்திரண்டு வயதில் உன் அம்மா பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கிவிட்டாள். சிரிக்காதே! கிளட்ச் மாற்றிய பிறகு இந்த பொலிவிய ஊர் லா பாஸின் மேடுகளில் பறக்கிறது. மடக்குக் கூரைதான் மூடமாட்டேன் என்கிறது.

ஞாயிறன்று வண்டிக்குப் பூமாலை போட்டு, ஆசீர்வாதம் வாங்க ஏரிக்கரை மாதா கோயிலுக்கு ஓட்டிப்போனேன். பாதிரியார் தீர்த்தத்தை வாளியிலிருந்து அப்படியே வீசினார். கூட வந்த மெக்கானிக் எலியோதோரோ இந்த ஊர் வழக்கப்படி பீரைக் குலுக்கி ஊற்றினான். அத்தனையும் என் தலையில்!

“வண்டிக்குத்தான் ஆசீர்வாதம் கேட்டோம், உங்களுக்கும் சேர்த்துக் கெடச்சிருச்சு டீச்சரம்மா!” என்றான் அவன்.

“அப்ப இனிமே எனக்கும் பிரேக் புடிக்கும்டா!”

வீடு வரை பாடிக்கொண்டே வந்தேன்.

போனில் உன் குரல் ஏன் அப்படி இருந்தது என்று கேட்கமாட்டேன். வண்டியில் இரண்டே இருக்கைதான். மாப்பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு வா.

பீர் வாசனையோடு,
உன் அம்மா