இருபதா, இருபத்தெட்டா

இன்று காலை பழைய கேமரா பையைத் திறந்தேன். ஈரத் தோலும் பூஞ்சையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அடியில் அந்த இருபது எம்.எம். லென்ஸ் கிடந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. இனி அதில் எதுவும் எடுக்க முடியாது. அதைக் கையில் வைத்தபடி உட்கார்ந்தவன், உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

அதை வாங்குமுன் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கள்ளக்குறிச்சியில் நாம் இருவரும் சேர்ந்து ஸ்டூடியோ தொடங்கிப் பத்து வருடம் ஆகியிருந்தது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம். இதைத் தவிர வேறு எதற்கும் யாரும் நம்மைக் கூப்பிட்டதில்லை. அப்போதுதான் ஒரு அரிசி ஆலைக்காரர் காலண்டருக்கு என்று கல்வராயன் மலைப் படங்கள் கேட்டார். நம்மிடமிருந்த ஐம்பது எம்.எம். லென்ஸில் மலையின் ஒரு துண்டுதான் விழும். அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். ஒன்றுதான் நமக்குக் கட்டுபடியாகும். சேலத்துக் கடைக்காரர் இருபதில் ஒன்றும் இருபத்தெட்டில் ஒன்றும் கொடுத்து, மூன்று நாள் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரச் சொன்னார்.

நான் இருபத்தெட்டின் பக்கம். இருபதில் எல்லாம் உள்ளே வரும், ஆனால் தூரத்து மலை கரையான் புற்று அளவுக்குச் சிறுத்துப்போகும். வானமும் வெறுந்தரையும்தான் மிஞ்சும். ஓரத்தில் நிற்கிற ஆள் இழுத்துவிட்டதுபோல் அகலமாகிவிடுவான். கல்யாணப் பெண்ணின் அத்தையை அப்படிக் காட்டினால் அந்தக் குடும்பத்தில் அடுத்த கல்யாணம் நமக்கு வராது. இருபத்தெட்டில் மலை மலையாக இருக்கும், மண்டபத்துக்கும் உதவும். இவ்வளவும் நான் பேசினேன். நீயோ, "இருபதுதான்டா" என்பதைத் தவிர ஒரு காரணமும் சொல்லவில்லை.

எனக்குள் வேறு கோபமும் இருந்தது. சில மாதங்களாக உன் படங்களின் மூலைகளில் ஏதாவது வந்து விழுந்துகொண்டிருந்தது. பந்தக்கால், யாரோ ஒருவரின் முழங்கை, ஒருமுறை என் செருப்பு. மூலையில் ஒரு தூசிகூட விடாதவன் நீ. "குடிச்சிட்டு எடுத்தியாடா?" என்று கேட்டேன். நீ குடிக்கமாட்டாய் என்று தெரிந்தேதான் கேட்டேன். நீ சிரித்துவிட்டுப் போனாய்.

மறுநாள் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். மேலே ஒரு மரவள்ளிக் கொல்லையின் ஓரமாக நின்று, ஆளுக்கொரு கேமராவில் ஆளுக்கொரு லென்ஸைப் போட்டுக்கொண்டு எடுத்தோம். மூடுபனி விலகி, பள்ளத்தாக்குக்கு அப்பால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. நீ சட்டென்று திரும்பினாய். வரப்பில் விறகுக் கட்டோடு வந்த ஒரு அம்மாவின்மேல் நீ மோதியதில் கட்டு சரிந்து விழுந்தது.

"யோவ், கண்ணு தெரில? பக்கத்துல ஆளு வர்றது தெரியாது உனக்கு?"

"தெரியலம்மா. நெஜமாவே தெரியல."

நீ சொன்ன விதத்தில் அந்த அம்மாவின் கோபம் இறங்கிவிட்டது. கட்டைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டோம். அவர் போன பிறகு, "இன்னாடா சொல்ற?" என்றேன்.

நீ ஒரு பாறையில் உட்கார்ந்தாய். "பாண்டியில காட்டுனேன்டா. கண்ணுல பிரஷர் ஜாஸ்தியாம். ஓரமெல்லாம் போயிக்கினு இருக்குது. நடுவுல மட்டும்தான் தெரியுது, குழா வழியா பாக்கற மாதிரி. போனது போனதுதானாம். சொட்டு மருந்து வுட்டா மிச்சம் நிக்கும்னாங்க."

"வீட்ல செல்விக்குத் தெரியுமா?"

"சொல்லல. நானே சொல்லிக்கறேன், நீ சொல்லாத." பிறகு மடியிலிருந்த கேமராவைக் காட்டினாய். "இதுல பாத்தா மட்டும் இந்த மலையும் அந்த மலையும் ஒண்ணா உள்ள வருதுடா. சின்னதாதான் இருக்குது. ஆனா முழுசா இருக்குது."

உன் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தேன். மலைகள் சிறுத்து, ஒடுங்கி, அத்தனையும் ஒரே கைப்பிடிக்குள் அடங்கியிருந்தன. நான் குறை என்று சொன்னதுதான் உனக்கு வேண்டியிருந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

இருபத்தெட்டைச் சேலத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தது நான்தான்.

அதன்பிறகு அந்த லென்ஸை எப்படிப் பழக்குவது என்று நீதான் கண்டுபிடித்தாய். காலடியில் ஒரு பாறையோ சாமைக் கதிரோ இருக்கும்படி கிட்டே போய் நின்றால், பின்னால் சிறுத்த மலையும் தூரத்தின் அழகோடு நிற்கும். ஸ்டாண்டில் கேமராவை மாட்டியதும் முதலில் நான் குனிந்து பார்ப்பேன்.

"எடது கீழ?"

"புல்லு."

"வலது மேல?"

"ஒரு கெளை நீட்டிக்கினு இருக்குது."

"அப்டியே கொஞ்சம் தள்ளு."

பிறகு நீ கண்ணை வைத்து அமுக்குவாய். காலண்டர் வந்ததும் கச்சிராயபாளையத்துக்காரர்களே இது எந்த ஊர் மலை என்று கேட்டார்கள்.

சொட்டு மருந்து பல வருடம் தாங்கியது. பிறகு தாங்கவில்லை. நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம்தான் மிச்சம் என்று நீ சொன்ன வருடம், கடைசியாக ஒருமுறை மேலே போகலாம் என்றாய். செல்வியும் வந்தாள். மலையடிவாரத்தில் பிறந்தவள், ஆனால் அங்கே நின்று வேடிக்கை பார்க்க அவளுக்கு அதுவரை நேரம் கிடைத்ததே இல்லை.

நான் குனிந்து பார்த்தேன். வலது ஓரத்தில், காற்றில் பறந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு செல்வி நின்றிருந்தாள். மலையைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளி நில்லும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"மூலையில ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாய்.

"ஒண்ணும் இல்ல. அமுக்கு."

பிரிண்ட் வந்தபோது அதை உன்னிடம் காட்டவில்லை. காட்டினாலும் உனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு வருடம் கழித்து, ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே உன் மூச்சு நின்றுபோனது. காரியம் முடிந்த மறுநாள் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

செல்வி நெடுநேரம் பார்த்தாள். "இது அவரு எடுத்ததாண்ணா? நா ஓரத்துல நிக்கிறது அவருக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதான் எடுத்தான்மா" என்றேன்.

அடுப்படியில், நின்றால் கண்ணுக்கு நேராக இருக்கும் இடத்தில் அவளே ஆணியடித்து மாட்டிக்கொண்டாள். இப்போதும் வருகிறவர்களிடம், "என்னிய அவரு எடுத்தது" என்று சொல்கிறாள்.

உன்னிடம் ஒரு பொய், அவளிடம் ஒரு பொய். இரண்டையும் நான்தான் வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இல்லை.