இரண்டாய்த் தெரிந்த சாம்பல் நிறம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

புது நூலகத்தின் வாசிப்பு அறைக்குச் சுவர்த்துணி நெய்கிறேன். பூ இல்லை, கொடி இல்லை, கரை இல்லை, வெறும் சதுரங்கள். "நெய்யச் சோம்பலா உனக்கு?" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. அந்தக் கட்டடத்தை வரைந்த அம்மாள் என்னைப் பத்து நாள் வண்ண வகுப்புக்கு அனுப்பினார்.

அங்கே ஒரே சாம்பல் காகிதத்தை இரண்டாக வெட்டி, ஒன்றை மஞ்சள் மேலும் மற்றதை நீலத்தின் மேலும் ஒட்டச் சொன்னார்கள். மஞ்சள் மேல் இருந்தது நீலம் பாய்ந்து தெரிந்தது. நீலத்தின் மேல் இருந்தது பழுப்படித்தது. "பக்கத்துல இருக்கற நிறம் நம்ம கண்ணை ஏமாத்தும்" என்றார் வாத்தியார். நீ சாயம் தோய்த்து நான் நெய்த விரிப்பில், மஞ்சளோரமும் நீலத்தோரமும் இருந்த சாம்பல் பட்டைகள் ஞாபகம் வந்தன.

டாக்டரம்மா விரிப்பு வாங்க வந்த அன்று அவர் எதிரிலேயே உன்னைச் சொன்னேனே, "ரெண்டு சாம்பலும் வேற வேற, சாயத்துல ஏமாத்திட்டே" என்று! "ஒரே தொட்டிடி" என்று நீ மூன்று தரம் சொன்னாய். அவர் வேண்டாமென்று விட்டுப்போன அந்த விரிப்பிலிருந்து நேற்று இழை உருவி, வெயிலில் பக்கம் பக்கமாக வைத்தேன். ஒரே நிறம்.

தப்பு என்னுடையது, அக்கா.

சின்னவள்

ஜூன் 15

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. இழையை நம்பினாய், சந்தோஷம். அன்றைக்கு என் வாயை நம்பியிருக்கலாம். நிறம் தப்பாகத் தெரிந்ததற்கு எனக்குக் கோபமில்லை. அடுத்த ஆள் எதிரில் சொன்னாயே, அதுதான்.

நான் இப்போது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். எல்லாம் வெள்ளை. பச்சைச் சுவரோரம் தொங்கும் வெள்ளை, ரோஸ் அடிப்பதாகச் சோப்புக்காரனிடம் சண்டை போட்டேன். உன் கடிதம் படித்த பிறகு அவனைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். தறியில் சதுரமாக இருப்பது, இறக்கியதும் குட்டையாகிவிடும். விரல் அகலம் கூட்டி நெய். சிவப்பு வைப்பதானால் சின்னதாக வை. பெரிதாக வைத்தால் கத்தும்.

பெரியவள்

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கூட்டி நெய்தேன். முதல் துண்டை இறக்கி அளந்தால் அச்சாகச் சதுரம்!

விரிப்பை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். "அக்கா சாயம் சரிம்மா, என் கண்ணுதான் தப்பு" என்று சொல்லி இழைகளைக் காட்டினேன்.  அவர் இழைகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நானும் அன்னிக்குத் தலையை ஆட்டினேனே. உங்க அக்காகிட்ட நானும் மன்னிப்பு கேக்கணும்" என்றார்.

கடையில் வாங்கிய சாம்பல் நூல் மஞ்சள் பக்கத்தில் செத்துக் கிடக்கிறது. கடைசி ஆறு சதுரம் நெய்யாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. தறி நிற்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சின்னவள்

ஜூலை 6

சின்னவளே,

வேலையில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இரண்டு கிலோ வெள்ளை நூலை அலசி ஊறப்போடு. சாயத்தில் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு நீலம் என்று யோசனை சொல்ல வராதே. அது என் வேலை. சிவப்பை எங்கே வைப்பது என்பதில் நமக்குள் கட்டாயம் சண்டை வரும். வரட்டும். அடுத்த ஆள் யாராவது இருந்தால் போகட்டும், கதவைச் சாத்திவிட்டு நன்றாகப் போடலாம்.

உன் அக்கா