வளையத்தை மாட்டிவிட்டேன், மச்சான்

அன்புள்ள மச்சான்,

மூன்று மாதமாகத் துணி மூடிக் கிடந்த உங்கள் பச்சைக் காரைப் பற்றி ஒரு சேதி. சொன்னால் திட்டுவீர்கள். திட்டுங்கள், அதைக் கேட்கத்தான் ஏங்கிக் கிடக்கிறேன்.

பக்கவாதத்தில் உங்கள் இடது கையில் பிடி போன பிறகு என்ன சொன்னீர்கள்? "கியரைத் தட்டிவிட்டுக்குவேன் மாப்ள. கை பிரேக்கைத்தான் இழுக்க முடியல. அதை மோட்டார் இழுக்கட்டும்." சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில், கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் ஒன்றை நாம் வாங்கி வந்தோம். பட்டனை ஒரு பக்கம் அமுக்கினால் பிரேக் கம்பி இறுகும், மறுபக்கம் அமுக்கினால் தளரும். அதோடு, கையால் பிரேக்கை விடுவிக்க ஒரு கம்பியும் வளையமும் வேண்டும் என்றீர்கள்.

"மோட்டார் இருக்கும்போது வளையம் எதுக்கு மச்சான்?" என்றேன்.

"பாட்டரி செத்தா பல்லால கடிச்சு இழுப்பியா?" என்றீர்கள்.

அதற்காக இரண்டு நாள் நாம் பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது யாரிடம் திருப்பிக் கேட்பேன்?

நீங்கள் கண்மூடிய பின் வேலையை நானே முடித்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் எஞ்சினியர் ஆகிவிட்டேன்! வளையத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், காரைச் சந்து வாசலில் நிறுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் பட்டனை அமுக்கி வித்தை காட்டினேன். இறுக்கு, தளர்த்து, இறுக்கு, தளர்த்து. எஞ்சின் ஓடவில்லை என்பது புத்தியில் படவே இல்லை. கடைசியாக இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நம் தேக்கா முட்டுச்சந்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வாசல் பக்கம் நிறுத்துகிறவன் கை பிரேக் போடாமல், கியரை எடுத்துவிட்டுப் போகவேண்டும். உள்ளே இருப்பவன் அதைத் தள்ளி நகர்த்திவிட்டு வெளியேறுவான். இத்தனை வருடத்தில் அதை மீறிய முதல் ஆள் உங்கள் மாப்பிள்ளைதான்.

சாப்பாட்டுக்கு நடுவே ஸ்டெல்லாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. ஆமாம், என் மகள், உங்கள் மருமகள், தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தவள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரவேண்டுமே! பக்கத்து வீட்டு ஆ செங் ஓடிப்போய்த் தன் டாக்சியைக் கிளப்பிவிட்டான். டாக்சிக்கு முன்னால் உங்கள் கார். நாலு பேர் தள்ளினார்கள். கல்லாய் நின்றது. பட்டனை அமுக்கினேன். ஒரு முனகல்கூட இல்லை, பாட்டரி செத்திருந்தது.

"சவரி, லெக்காஸ் லா! சீக்கிரம்!" என்று ஆ செங் ஹாரனை அடித்தான். டாக்சிக்குள் ஸ்டெல்லா, "அப்பா, என்னால முடியலப்பா" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆ செங்கின் ஜாக்கியால் பின்பக்கத்தில் ஒரு ஓரத்தைத் தூக்கிவிட்டு அடியில் நுழைந்தேன். வயிறு பாதியில் சிக்கிக்கொண்டது. ஒருவர் காலைப் பிடித்து உள்ளே தள்ளினார். பிரேக் விடுபட்ட நொடியில் கார் உருண்டு ஜாக்கியிலிருந்து என்மேல் இறங்கிவிடும். கால் பிரேக்கை யாராவது மிதித்தே இருக்கவேண்டும். வண்டியே ஓட்டத் தெரியாத ரோசி, உங்கள் தங்கச்சி, டிரைவர் சீட்டில் ஏறிவிட்டாள்.

"காலை எடுத்துடாதடி!"

"எடுக்க மாட்டேன். ஜெபம் சொல்றேன், பேசாதீங்க!"

கண்ணாடியில் நீங்கள் மாட்டிய ஜெபமாலையை ஒரு கையால் பிடித்திருந்தாளாம்.

பிரேக் கம்பி விறைத்து நின்றது, அதை மோட்டாரோடு பிணைத்த நட்டைக் கழற்றவேண்டும். ஸ்பானர் இரண்டு முறை வழுக்கி என் நெற்றியில் விழுந்தது. டாக்சியில் ஸ்டெல்லா அலறினாள். மூன்றாம் முறை நட்டு அசைந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

நட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் ஒரு கம்பி தொங்கியது. நுனியில் கொக்கி. மறுமுனை டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு வளையத்தில் முடிந்தது. அந்த வளையத்தில்தான், மச்சான், இத்தனை நாளும் நான் கை துடைக்கும் துணியை மாட்டி வைத்திருந்தேன்.

பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளில் போட்டீர்களா? பிடியில்லாத கையோடு காருக்கு அடியில் எப்படிப் படுத்தீர்கள்? கொக்கியை மாட்ட முடியாமல் எழுந்தீர்களா, என்னை மாட்டச் சொல்ல நினைத்தீர்களா? கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே. வந்திருப்பேனா?

நட்டு கழன்றது. காரில் ஒரு நடுக்கம். ரோசியின் கால் அசையவில்லை. என்னை இழுத்துப்போட்டு, ஜாக்கியை இறக்கிய பிறகுதான் அவள் காலை எடுத்தாள். சந்தே சேர்ந்து தள்ளியது. டாக்சி பறந்தது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பத்தாவது நிமிடம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். நெற்றி வீங்கிய தாத்தாவைப் பார்த்து நர்ஸ், "இவருக்கும் கட்டில் வேணுமா?" என்று கேட்டார்.

நாளை வீட்டுக்கு வருகிறார்கள். "மாமா கார்லதான் வருவேன். ஆனா அப்பா, அந்தப் பட்டனைத் தொடக்கூடாது" என்று ஸ்டெல்லா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கொக்கியை இன்று காலை மாட்டிவிட்டேன். பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, இடது கையில் இரண்டே விரலால் இழுத்துப் பார்த்தேன். பிரேக் விட்டது.

இனி எந்தச் சந்தில் நிறுத்தினாலும் பிரேக் போடாமல்தான் இறங்குவேன், மச்சான். வளையத்தில் துணி தொங்காது. இது சத்தியம்.

நீங்கள் சொன்னதை மூன்று மாதம் கழித்துச் செய்த
உங்கள் தங்கச்சி புருஷன்,
சவரி