பழைய சங்கிலிக்குத் திரும்பினோம்

மார்ச் 3, திங்கள்
எங்கள் கிரிப்டோ நாணயத்தின் மென்பொருள் புது வெர்ஷன் வெளியானது. சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த மூவரில் நானும் ஒருத்தி.

மார்ச் 5
ஷஹீனா வந்திருந்தாள். என்னோடு கல்லூரியில் படித்தவள். பந்தல்குடியில் நைட்டி தைத்து விற்கிறாள். மலேசியாவிலிருந்து பெரிய ஆர்டராம், எங்கள் நாணயத்தில் தருவார்களாம். "ஒன்னைய நம்பித்தான்டி சரின்னேன்" என்றாள்.

மார்ச் 11
காலை பத்து மணிக்கு உடைந்தது. புது வெர்ஷன் ஏற்ற ஒரு பிளாக்கை, அதாவது பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பை, பழைய வெர்ஷன் தள்ளிவிட்டது. ஒரே கணக்குச் சங்கிலி இரண்டாகிவிட்டது. பிழை நாங்கள் சரிபார்த்த பகுதியில்தான். எந்த பிளாக் செல்லும் என்ற விதியை மாற்றுகிறோம் என்று தெரியாமலே மாற்றியிருக்கிறோம்.

அவசர வீடியோ அழைப்பில் மென்பொருள் எழுதும் நாங்கள் பதினோரு பேர். உத்தரவு போட யாருக்கும் அதிகாரமில்லை. கணினிகளை ஓட்டிச் சங்கிலியில் பிளாக் சேர்க்கும் பெரிய மைனர்கள் எந்தப் பக்கமோ அதுதான் நாணயம். அவர்களிடம் கெஞ்சத்தான் முடியும். புதுசுக்கு மாறாதவர்களே அதிகம், பழைய சங்கிலிக்கே திரும்புவோம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். மைனர்கள் திரும்பும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது - தெரிந்தால் ஒரு சங்கிலியில் கொடுத்த காசையே இன்னொன்றில் மறுபடி கொடுத்து யாராவது ஏமாற்றுவார்கள்.

பதினொன்றரைக்கு ஷஹீனா போன். "பணம் வந்துருச்சுன்னு காட்டுது ஜோதி. பார்சல் ஆபீஸ்ல நிக்கிறேன். லோடு ஏத்திரவா?"

அவள் போன் காட்டியது நாங்கள் கைவிடப்போகும் புதுச் சங்கிலியை.

"மீட்டிங்ல இருக்கேன், பெறகு கூப்புடுறேன்" என்றேன்.

கொஞ்சம் பொறுன்னு ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

மார்ச் 12
மைனர்கள் திரும்பிவிட்டார்கள். நாணயம் பிழைத்தது. ஷஹீனாவுக்கு வந்த பணம் இல்லை. சரக்கு வாங்கிய மலேசியாக்காரன் அதையே பழைய சங்கிலியில் வேறெங்கோ அனுப்பிவிட்டான். சரக்கு போய்விட்டது. அவள் நாலு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 14
நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை.
"நான் கேட்டப்பவே ஒனக்குத் தெரியுமா?"
"தெரியும்."
தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் மிஷினை நிறுத்திவிட்டார்கள்.
"சரி, போ."

மார்ச் 20
அவளுடைய ஒரு பரிமாற்றத்தை மட்டும் திருத்தலாமா என்று அழைப்பில் கேட்டேன். ஒருத்திக்காக விதியை வளைத்தால் நாளை யாருக்கும் வளைக்கலாம் என்றார்கள். அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 2
சங்கிலி உடைந்தது பற்றி எங்கள் குழுவின் அறிக்கை வந்தது. விரைந்து முடிவெடுத்தவர்களுக்கு நன்றி - என் பெயர் இரண்டாவது. பாதிப்பு: ஒரு பரிமாற்றம்.

ஏப்ரல் 3
சரிபார்ப்பவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதினேன்.

மே 17
அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஷஹீனா. கடையை மூடிவிட்டாளாம், காரியாபட்டிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸுக்கு வேலைக்குப் போகிறாள். பக்கத்தில் போய் நின்றேன்.
"நல்லாருக்கீங்களா?" என்றாள்.
நல்லாருக்கேன் என்றேன்.