வலது ஓரத்துக் கரிச்சான்

என் ராசா, தம்பி முருகையா,

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு முதல்முதலாக ஒரு போர்டு எழுதியிருக்கிறேன். பஜாரில் பாய் ஜவுளிக்கடைக்கு. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இது சரியாக வராவிட்டால் பிரஷ்ஷை மூட்டைகட்டிவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவது என்ற முடிவோடுதான் ஏணியில் ஏறினேன்.

எந்தப் போர்டானாலும் நான் இடது முனையிலிருந்து வருவேன், நீ வலது முனையிலிருந்து வருவாய், நடுவில் சந்திப்போம். அந்தப் பழக்கம் விடுமா? இடது பக்கம் சேலை கட்டிய பெண்ணை ஆளுயரத்துக்கு வரைந்தேன், நடுவில் கடைப் பெயரை எழுதினேன், இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். வலது பக்கம் வெறும் நீலம்.

மறுநாள் பாய் ஆள் அனுப்பினார்.

"அண்ணாச்சி, போர்டு ஒரு பக்கமா சாயுதே" என்றான் வந்தவன்.

எனக்கு வந்ததே கோபம். தச்சன் அடித்த ஆணியைத் திட்டிக்கொண்டே இடது மூலையில் ஒரு கட்டையைச் செருகித் தூக்கினேன். அப்புறமும் சாய்ந்துதான் தெரிந்தது. சாய்ந்தது பலகை இல்லை, படம் என்று புரிய மத்தியானம் ஆகிவிட்டது. நீ இருந்தால் நடுத்தெருவில் நின்று சிரித்திருப்பாய்.

வலது பக்கமும் அதே அளவில் ஒரு பெண்ணை வரையலாம் என்று சாக்பீஸை எடுத்தேன். கடம்பூர் போளிக் கடைப் போர்டில் நான் போட்ட இரண்டாவது மயிலை நீ துடைத்தெறிந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எவ்வளவு சண்டை போட்டேன் உன்னோடு! அதற்கு நீ சொன்னாய்:

"பருத்தி நிறுக்க கோலைப் பாருண்ணே. மூட்டை கிட்டக்க தொங்குது. சின்னக் குண்டு கடைசியில போய் நின்னு அதைத் தூக்குதுல்லா?"

சாக்பீஸைப் பையில் போட்டேன். நீலத்தின் கடைக்கோடியில் ஒரே ஒரு கரிச்சான் குருவியை உட்காரவைத்தேன். இடையில் இருந்த வெறுமையைத் தொடவில்லை. கட்டையை உருவிவிட்டு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பெண்ணுக்கு அந்தக் குருவி ஈடுகொடுத்து நின்றது.

"சரியாலே?" என்று கேட்டுவிட்டேன், நீ வழக்கமாக நிற்கும் பக்கம் திரும்பி.

"சரியா இருக்கு அண்ணாச்சி" என்றார் பாய், பின்னாலிருந்து. வயசில் பெரியவர், நான் 'லே' போட்டதை அவர் கண்டுகொள்ளவில்லை. தனியாக நிற்க எனக்குத் தெரியவில்லையடா.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகமாட்டேன். எந்தப் போர்டானாலும் வலது ஓரத்தைக் கடைசிக்கு வைத்து, உன்னைக் கேட்டுத்தான் பிரஷ் வைப்பேன். நாளைக்குப் பசுவந்தனையில் வேலை. உன் ஏணியை எடுத்துப்போகிறேன்.

இடது பக்கத்திலிருந்து,
உன் அண்ணன்.